நகச்சொத்தை: சொரண்டிப் பார்க்காம மாத்திரை வேண்டாமுங்க

போன மாசம் சேத்துப்புண் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு. விரல் இடுக்கை ஈரமில்லாம தொடச்சு வைங்க, பூஞ்சை க்ரீமை புண்ணு ஆறினதுக்கு அப்புறமும் ஒண்ணு ரெண்டு வாரம் விடாம போடுங்கன்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்சவங்க எல்லாம் அப்ப நகத்துக்கு என்னங்க பண்றதுன்னு கேட்டு போட்டோவோட அனுப்பி வெச்சிருக்கீங்க. சில போட்டோ நல்லா தெளிவா இருந்துச்சு, சிலது நகமா கல்லான்னே தெரியல. எல்லாத்துக்கும் பதில் போட பக்கம் பத்தாது, அதனால வேற வேற விஷயம் இருக்கற கேள்வியா எடுத்திருக்கேன்.

ஏனுங்க டாக்டர், எங்களுக்கு நெல்லு, மஞ்சளு, நாலு மாடு. எனக்கு ரெண்டு கால் பெருவிரல் நகமும் மஞ்சளாகி தடிச்சுப் போச்சுங்க. ஓரத்துல மாவாட்டம் கொட்டுது, வலி ஒண்ணும் இல்லீங்க. மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, அதை ஆறு மாசமா போட்டும் அப்படியேதான் இருக்குது. எங்கூட்டுக்காரருக்கு சக்கரை இருக்குதுங்க, அவருக்கும் இப்ப ஒரு நகம் இதே மாதிரி ஆகுது. மாத்திரை சாப்பிட்டா ஈரல் கெட்டுப்போயிடும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொல்றாங்க. என்ன பண்றதுங்க?
*ஒரு வாசகி, கவுந்தப்பாடி*

அம்மா, நீங்க சொல்றதைப் பார்த்தா பூஞ்சையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நுனியில இல்லாட்டி ஓரத்துல ஆரம்பிச்சு, மஞ்சளாவோ வெள்ளையாவோ நிறம் மாறி, நகம் சதையை விட்டுக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு, அடியில பொடி சேர்ந்து, அப்புறம் மெல்ல மெல்ல வேரைப் பார்த்து நகர்றதுதான் இதோட வழக்கமான போக்கு. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்னு ஒரு பூஞ்சை, கால் நகத்துக்கு வர்றதுல பெரும்பாலும் அதுதான், நகத்துல இருக்கற கெரட்டின்தான் அதுக்கு சாப்பாடு. அது எங்கயோ வானத்துல இருந்து வர்றதில்ல, முதல்ல விரல் இடுக்குலயோ பாதத்துலயோ சேத்துப்புண்ணா உக்காந்து, அங்கிருந்துதான் நகத்துக்கு ஏறுது. வாய்க்கால்ல தண்ணி வுட்டதும் நாத்து நடவுக்கு இறங்கி நாள் முழுக்க சேத்துல நிக்கிற காலுக்கு இது வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

ஆனாலும் பூஞ்சைதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். நகம் தடிச்சு நிறம் மாறி வர்றவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்மையில பூஞ்சை இருக்கும். மீதிப் பேருக்கு சோரியாசிஸ் இருக்கும், இல்ல செருப்பு இடிச்சு இடிச்சு வருஷக்கணக்குல நகம் கெட்டிருக்கும், வயசானதுனாலயே தடிச்சிருக்கும், வேற தோல் நோய்கூட இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், என்னாலயே பார்த்த உடனே சொல்ல முடியாத நகம் நெறைய உண்டு. அதனாலதான் தலைப்புலயே போட்டேன், மொதல்ல சொரண்டிப் பார்க்கணும். நகத்தைக் கொஞ்சம் வெட்டி, அடியில இருக்கற பொடியை உள்ள தள்ளி சொரண்டி எடுத்து, கேஓஎச்னு ஒரு கரைசல்ல போட்டு மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. வலிக்காது, அன்னைக்கே தெரிஞ்சுடும். கல்ச்சர் வெச்சா, அதாவது அந்தப் பூஞ்சையை லேப்புல வளர வெச்சுப் பார்த்தா, எந்த வகைன்னும் தெரியும், ஆனா அதுக்கு மூணு நாலு வாரம் ஆகும். பெருந்துறையில இருக்கற ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானுங்களே, அங்க தோல் பிரிவுல காட்டுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அந்த ட்யூபை நிறுத்திடணும், மருந்து போட்டுக்கிட்டே போனா பூஞ்சை இருந்தும் இல்லைன்னு ரிசல்ட் வந்துடும். சுத்தமா வந்தாலும் டாக்டருக்கு சந்தேகம் இருந்தா மறுபடி எடுக்கச் சொல்லுவாரு, அலுத்துக்காதீங்க.

அந்த ட்யூப் என்னன்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ஏதாவது எழுதியிருந்தா அது ஸ்டீராய்டு கலந்தது, அதைத் தூக்கிப் போடுங்க. அரிப்பு அடங்கும், சிவப்பு குறையும், ஆனா பூஞ்சை உள்ளுக்குள்ள நல்லா பரவும். நம்ம நாட்டுல படர்தாமரை இந்த அளவுக்கு அடங்காம போனதுக்கு இந்த மூணு மருந்து நாலு மருந்து கலந்த க்ரீமுங்களும் ஒரு பெரிய காரணம். ஸ்டீராய்டு இல்லாத நல்ல க்ரீமா இருந்தாக்கூட நகத்துக்கு அது உதவாது, தடிச்ச நகத்துக்குள்ள க்ரீம் எறங்கறதில்ல. ஆறு மாசம் போட்டும் கேக்காததுக்கு அதான் காரணம், உங்க உடம்பு மேல தப்பில்ல.

பூஞ்சைன்னு உறுதியாச்சுன்னா ரெண்டு கால் பெருவிரலும் போயிருக்கறதுனால பெரும்பாலும் மாத்திரைதான் சொல்லுவாங்க. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒண்ணு, கால் நகத்துக்கு 12 வாரம். கை நகமா இருந்தா 6 வாரம் போதும். ஈரல் பயத்தைப் பத்திச் சொல்றேன், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொன்னது முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. ஈரல் பாதிக்கறது ரொம்ப அபூர்வம், ஆனா உண்டு. அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுத்து ஈரல் நல்லா இருக்குதான்னு பார்த்துட்டுத்தான் குடுப்பாங்க, ஏற்கெனவே மஞ்சக்காமாலை மாதிரி ஈரல் தொந்தரவு இருந்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க. மாத்திரை சாப்பிடறப்ப பசி இல்லாம போனா, ஒண்ணுக்கு டீத்தண்ணி நிறத்துல போனா, கண்ணு மஞ்சளானா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சிலருக்கு நாக்குல ருசி போயிடும், கொழம்புல உப்பு இருக்குதா இல்லையான்னே தெரியாது, அது பெரும்பாலும் நிறுத்தினா திரும்ப வந்துடும், ஆனா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

இப்ப எல்லாரும் ஏமாந்துபோற எடத்துக்கு வர்றேன். 12 வாரம் முடிஞ்ச அன்னைக்கு நகத்தைப் பார்த்தீங்கன்னா முக்கால்வாசி பழையபடியே அசிங்கமாத்தான் இருக்கும். கால் நகம் மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர்தான் வளரும், வேருல இருந்து நுனி வரைக்கும் புதுசா வர்றதுக்கு ஒரு வருஷம் ஒண்ணரை வருஷம் ஆகும். கெட்டுப்போன நகம் நல்ல நகமா மாறவே மாறாது, அது நகர்ந்து வெளிய போகணும், நாம வெட்டிப் போடணும். மாத்திரை நிறுத்தினப்புறமும் மருந்து நகத்துல பல மாசம் தங்கி வேலை செய்யும். அதனால அடியில, தோலுக்குப் பக்கத்துல புதுசா வர்ற நகம் தெளிவா இருக்குதான்னு மட்டும் பாருங்க. தெளிவா இருந்தா ஜெயிச்சாச்சு. மருந்து கேக்கலைன்னு மூணாவது மாசமே டாக்டரை மாத்தி, அவரு இன்னொரு கோர்ஸ் எழுதி, அப்புறம் நாட்டு மருந்துக்குப் போயின்னு அலையறவங்களைத்தான் நான் அதிகமா பார்க்கறேன்.

வீட்டுக்காரரு விஷயம்தான் எனக்கு அவசரமா படுது. சக்கரை இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொறஞ்சிருக்கலாம், அப்படி இருந்தா தடிச்ச நகம் கீழ இருக்கற சதையை அமுக்கிப் புண்ணாக்கினாக்கூட வலி தெரியாது, நகத்தோரம் வெடிச்சு பாக்டீரியா உள்ள போனா கால் வீங்கி சிவந்து காய்ச்சல் வரைக்கும் போயிடும். அவருக்கு இதை அழகுக்காக வைத்தியம் பாக்கறதா நெனைக்காதீங்க. பிளேடால நகம் எடுக்க விடாதீங்க, பொழுதோட கால் கழுவறப்ப விரல் இடுக்கு, உள்ளங்கால், நகத்தோரம்னு நீங்களே ஒரு தடவை பார்த்துருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா போய்க் காட்டுங்க. ஒருத்தருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தா, கரும்பை வெட்டிட்டு கட்டையை விட்டா மறுதாம்பு தழையற மாதிரி, மறுபடியும் அவருகிட்ட இருந்து உங்களுக்கு வந்து நிக்கும். கால் தொடைக்கற துண்டு தனித்தனியா இருக்கட்டும், நகவெட்டியும் தனித்தனியா.

நான் திருப்பூர்ல சாயப்பட்டறையில சூப்பர்வைசர். வயசு 29. நாள் முழுக்க ஷூ போட்டே இருக்கணும், உள்ள எப்பவும் ஈரம். வலது கால்ல மூணு நகம் போச்சு. எனக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம் சார், அதுக்குள்ள சரியாகுமா? லேசர்ல ஒரே நாள்ல சரியாகும்னு விளம்பரம் பார்த்தேன். வாரத்துல ரெண்டு நாள் தண்ணி அடிப்பேன், அதையும் சொல்லிடறேன்.
*ஒரு வாசகர், திருப்பூர்*

தம்பி, கல்யாணத்துக்குள்ள ஆகாது. மேல இருக்கற பதிலைப் படிங்க, கணக்கு புரியும். ஒரே நாள்ல எந்த லேசரும் நகத்தை வளர வெக்காது. லேசர் போட்டா சிலருக்கு பார்வைக்குக் கொஞ்சம் தெளிவாகும், ஆனா பூஞ்சையை அடியோட அழிக்கறதுல மாத்திரை அளவுக்கு அதுக்கு ஆதாரம் இல்ல, செலவு மட்டும் நெறைய. கல்யாணச் செலவுக்கே காசு பத்தாத நேரத்துல அதுல போய் கொட்டாதீங்க. பொண்ணு வீட்டுல யாரும் மாப்பிள்ளை கால் நகத்தை பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கப்போறதில்ல. மெட்டி போடறது பொண்ணுக்குத்தான்.

தண்ணி விஷயத்தை மறைக்காம சொன்னதுக்கு சந்தோஷம், பாதிப் பேரு அதைச் சொல்றதே இல்ல. ஈரல் டெஸ்ட் எடுத்துப் பாருங்க, நல்லா இருந்தாலும் மாத்திரை ஓடற மூணு மாசமும் குடிக்காம இருங்க. முடியாதுன்னா அதை டாக்டர்கிட்ட நேரா சொல்லிடுங்க, பூச்சு மருந்துலயே போகலாமான்னு அவரு பார்ப்பாரு. அமோரோல்ஃபின் 5 சதவீதம்னு நெயில் பாலிஷ் மாதிரியே ஒண்ணு இருக்கு, வாரத்துக்கு ஒருதரம் இல்ல ரெண்டுதரம் பூசணும், நகத்தை அரத்தால தேச்சு, ஸ்பிரிட்டால தொடச்சுட்டுத்தான் பூசணும், அந்த அரத்தை நல்ல நகத்துக்குத் தொடவே கூடாது. இன்னொண்ணு சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம், அது தினம் பூசறது. ரெண்டுமே கால் நகத்துக்கு ஒம்போது மாசம் ஒரு வருஷம்னு ஓடும். ஒண்ணு ரெண்டு நகத்துல, நுனிப்பக்கம் பாதிக்குக் கம்மியா, வேரைத் தொடாம இருந்தாத்தான் பூச்சு தனியா நிக்கும். வேர் வரைக்கும் போனதுக்கு வெறும் பூச்சு மட்டும் போட்டா நாள்தான் போகும். உங்களுக்கு மூணு நகம், எவ்வளவு தூரம் ஏறியிருக்குதுன்னு எழுதலை, அதனால நேர்ல பார்க்கறவங்க முடிவு பண்ணட்டும்.

ஷூதான் உங்களுக்கு மூலகாரணம், அதைச் சரி பண்ணாம எந்த மருந்து சாப்பிட்டாலும் திரும்ப வரும். ரெண்டு ஜோடி வெச்சுக்கிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்துங்க, கழட்டினதை நாக்கை நல்லா வெளிய இழுத்து வெயில்ல காய வைங்க, உள்ள பூஞ்சை பவுடர் தூவுங்க. சாக்ஸ் காட்டனா இருக்கட்டும், ஷிஃப்டுக்கு நடுவுல நனைஞ்சா மாத்தறதுக்கு இன்னொரு ஜோடி பையில இருக்கட்டும், துவைக்கறப்ப சுடுதண்ணியில போடுங்க. பனியன் ஊருல இருந்துக்கிட்டு சாக்ஸுக்குப் பஞ்சம்னு சொல்லாதீங்க. லைன் வீட்டுல பொதுக் குளியலறைன்னா அங்க வெறுங்காலோட நிக்காம ரப்பர் செருப்பு போட்டுக்குங்க.

எங்க அப்பிச்சிக்கு 74 வயசு. போன வருஷம் ஹார்ட்டுல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க, கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் சாப்பிடறாங்க. கால் நகம் அஞ்சும் தடிச்சு, வெட்டவே முடியல. மெடிக்கல்ல இட்ராகொனசோல் குடுத்தாங்க, குடுக்கலாமா?
*ஒரு வாசகி, பொள்ளாச்சி*

குடுக்காதீங்க அம்மிணி. அந்த மாத்திரையை அப்படியே எடுத்து வைங்க. இட்ராகொனசோல் இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்களுக்கு நகப் பூஞ்சைக்காகக் குடுக்கவே கூடாத மருந்து. அப்பிச்சிக்கு அது இருக்குதா இல்லையான்னு ஸ்டென்ட் வெச்ச டாக்டருக்குத்தான் தெரியும், மெடிக்கல் கடைக்காரருக்குத் தெரியாது. அதுக்கும் மேல கொழுப்பு மாத்திரைகள்ல சிலதோட, சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாதிரி, இது சேர்ந்தா ரத்தத்துல அந்த மாத்திரையோட அளவு ஏறிப்போய் தசை வலி எடுத்து, முத்தினா கிட்னி வரைக்கும் போகும். டெர்பினாஃபினுக்கு இந்த அளவுக்கு சண்டை இல்ல, ஆனா அதுவும் மெட்டோப்ரொலால்ங்கற பிரஷர் மாத்திரையோடவும், மனச்சோர்வுக்குக் குடுக்கற சில மாத்திரையோடவும் ஒத்துப்போகாது. சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு தோல் டாக்டர்கிட்ட கொண்டுபோங்க, சீட்டை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, சீட்டுல ஒண்ணு இருக்கும் சாப்பிடறது ஒண்ணா இருக்கும்.

நான் சொல்றது பிடிக்காம இருக்கலாம், ஆனா 74 வயசுல வலி இல்லாம, புண்ணு இல்லாம, சக்கரை இல்லாம இருந்தா நகப் பூஞ்சைக்கு மாத்திரை குடுத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. நகத்தைக் கட்டுக்குள்ள வெச்சா போதும். 40 சதவீத யூரியா க்ரீம் டாக்டர் எழுதிக் குடுப்பாரு, தடிச்ச நகத்து மேல மட்டும் போட்டு, சுத்தி இருக்கற தோல்ல படாம பிளாஸ்திரி ஒட்டி வெச்சா நகம் மெத்துன்னு ஆயிடும், அப்புறம் வெட்டறதும் தேய்க்கறதும் சுலபம். கால் பராமரிப்புப் பிரிவு இருக்கற ஆஸ்பத்திரியில காட்டினா அவங்களே கருவி வெச்சு ஒல்லியாக்கி விடுவாங்க. செருப்பு முன்பக்கம் அகலமா வாங்கிக் குடுங்க. அப்பிச்சி தோட்டத்துக்கு வெறுங்காலோடதான் போவேன்னு அடம் பிடிப்பாங்க, தெரியும், அது நீங்களாச்சு அவங்களாச்சு.

நான் மெஸ்ல பாத்திரம் கழுவறேன், மாவும் ஆட்டுவேன். கை விரல் நகத்தைச் சுத்தி வீங்கிக்கிட்டே இருக்கு, அமுக்கினா கொஞ்சம் சீழ் மாதிரி வரும். நகமும் ஓரத்துல கருப்பா, மேடு பள்ளமா போச்சு. எலுமிச்சம்பழத்தைச் சொருகிப் பார்த்தேன், எரிச்சல்தான் வந்துச்சு. இதுவும் பூஞ்சைதானுங்களா?
*ஒரு வாசகி, கோயமுத்தூர்*

இது வேற கணக்கு. திடீர்னு ஒரே விரல்ல வந்து, தெறிச்சு, ராத்திரி தூங்கவே முடியாம சீழ் கட்டற நகச்சுத்தி ஒண்ணு இருக்கு, அது பாக்டீரியாவால வர்றது, சீழைக் கீறி வெளிய எடுத்தாத்தான் அடங்கும், எலுமிச்சம்பழம் சொருகினா அந்த நேரத்துக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு இருக்கறது மாசக்கணக்கா வந்து வந்து போறது. நகத்துக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தோல் ஒட்டிக்கிட்டு வாசலை அடைச்சு வெச்சிருக்கும். எப்பவும் சோப்புத் தண்ணியும் புளிச்ச மாவுமா கை இருந்தா அந்தத் தோல் அரிச்சுப் போய் வாசல் தொறந்துக்கும். தண்ணி, சோப்பு, மாவு எல்லாம் உள்ள போய் எரிச்சலை உண்டாக்கும், அப்புறம்தான் கேண்டிடாங்கற ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்து குடியேறும். ஆக மூலம் ஈரம்தான், பூஞ்சை பின்னால வந்தது. இதுக்குப் போய் கால் நகத்துக்குக் குடுக்கற டெர்பினாஃபினை மூணு மாசம் சாப்பிட்டுட்டு சரியாகலைன்னு வந்தவங்களைப் பார்த்திருக்கேன், கேண்டிடாவுக்கு அது அவ்வளவா எடுபடாது.

உள்ள மெல்லிசா காட்டன் கையுறை, மேல ரப்பர் கையுறை, ரெண்டும் சேர்த்துப் போட்டுத்தான் பாத்திரத்துல கை வெக்கணும். ரப்பர் மட்டும் போட்டா வேர்வையிலயே ஊறிப்போகும். மெஸ் முதலாளிகிட்ட கேளுங்க, ரெண்டு ஜோடி கையுறை வாங்கிக் குடுக்கறதுல அவரு கடை மூடிடாது. கழுவி முடிச்சதும் நல்லா தொடச்சு, தேங்காய் எண்ணெயோ வேஸ்லினோ நகத்தோரமா தடவுங்க. அந்த ஒட்டுத்தோலை குச்சி வெச்சு தள்றது, கடிக்கறது, பார்லர்ல வெட்டறது எதுவும் கூடாது. டாக்டர் இதுக்கு பூஞ்சை மருந்தோட சில வாரத்துக்கு ஸ்டீராய்டு க்ரீமும் எழுதலாம், முதல் பதில்ல ஸ்டீராய்டு வேண்டாம்னுட்டு இங்க வேணுங்கறானேன்னு குழம்பாதீங்க, அங்க பூஞ்சை மூலம், இங்க எரிச்சல் மூலம். நகம் பச்சையா மாறினா மட்டும் சீக்கிரம் காட்டுங்க, அது சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, அதுக்கு மருந்தே வேற.

தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்துட்டு வந்ததுல இருந்து பெருவிரல் நகம் கருப்பாயிடுச்சுங்க. எங்க மச்சானுக்கு நடக்காமயே கை கட்டைவிரல் நகத்துல கருப்பா ஒரு கோடு இருக்கு. ரெண்டும் பூஞ்சைங்களா?
*ஒரு வாசகர், காங்கேயம்*

உங்களுது பெரும்பாலும் ரத்தக்கட்டு. அத்தனை தூரம் நடக்கறப்ப விரல் செருப்பு முனையில இடிச்சு இடிச்சு நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கும். நகம் வளர வளர அந்தக் கருப்பு நுனியைப் பார்த்து நகரணும், அடியில தெளிவான நகம் வரணும். மாசம் ஒருதரம் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா தெரிஞ்சுடும். நகராம அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்த வருஷம் நடக்கறதுக்கு முன்னாடி நகத்தை நேரா, ஒட்ட வெட்டிட்டுக் கெளம்புங்க.

மச்சானுதுதான் யோசிக்க வேண்டியது. நம்மள மாதிரி கருத்த தோல்காரங்களுக்குப் பல விரல்ல மெல்லிசா பழுப்புக் கோடு இருக்கறது சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா ஒரே ஒரு நகத்துல புதுசா வந்து, மூணு மில்லிமீட்டருக்கு மேல அகலமாகி, நிறம் அங்க ஒரு மாதிரி இங்க ஒரு மாதிரி இருந்து, முக்கியமா அந்தக் கருப்பு நகத்தைத் தாண்டி பக்கத்துத் தோலுக்கும் வழிஞ்சிருந்தா அது மெலனோமாங்கற புற்றுநோயா இருக்கலாம், அபூர்வம்தான், ஆனா கட்டைவிரலும் கால் பெருவிரலும்தான் அதுக்குப் பிடிச்ச எடம். பூஞ்சை மருந்து போட்டுப் பார்ப்போம்னு அதுல மாசத்தைக் கடத்தக்கூடாது. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

ஈரோட்டுல மஞ்சள் மண்டியில மூட்டை கொட்டற வேலை. பத்து நகமும் மஞ்சளா இருக்கு. வைத்தியம் உண்டுங்களா?
*ஒரு வாசகர், ஈரோடு*

அண்ணா, நகம் தடிக்காம, தூக்காம, பொடி கொட்டாம, மஞ்சள் மட்டும் இருந்துச்சுன்னா அது மண்டியோட சாயம். மேலாப்புல லேசா சொரண்டினா நிறம் போகுதான்னு பாருங்க, போச்சுன்னா ஒண்ணும் பண்ண வேண்டாம். மருதாணி வெச்ச நகமும் இப்படித்தான், கறைதான், அது பூஞ்சையை வெரட்டறதும் இல்ல கொண்டுவர்றதும் இல்ல. ஆனா அடியில இருக்கற பூஞ்சையை மறைச்சுடும், அதனால டாக்டர்கிட்ட நகம் காட்டப் போறவங்க மருதாணி, நெயில் பாலிஷ் ரெண்டும் இல்லாம போங்க.

எனக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டே கால் நகம் சரியாச்சு. நீங்க எதுக்கெடுத்தாலும் இங்கிலீஷ் மருந்துதான் சொல்றீங்க. நம்ம பெரியவங்க எல்லாம் மாத்திரை சாப்பிட்டா இருந்தாங்க?
*ஒரு வாசகர், கரூர்*

சரியானதுல சந்தோஷமுங்க. ஆனா டெஸ்ட் எடுத்து பூஞ்சைன்னு தெரிஞ்சு போட்டீங்களான்னு எழுதலை. இடிச்சதுனால கெட்ட நகமா இருந்தா ஒரு வருஷத்துல எண்ணெய் போட்டாலும் போடாட்டியும் தானாவே புதுசா வந்திருக்கும். வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், வினிகர், தைலம்னு எல்லாத்துக்கும் சின்னச் சின்ன ஆராய்ச்சி இருக்கு, மாத்திரைக்குப் பதிலா இதைப் போடுங்கன்னு சொல்ற அளவுக்கு எதுவும் தேறலை. வேப்பெண்ணெய் போடறதுனால கெடுதல் இல்ல, சக்கரை இல்லாதவங்க போட்டுப் பார்க்கறதுல எனக்கு மல்லுக்கட்டு இல்ல. பூண்டை நசுக்கி ராத்திரி முழுக்க வெச்சுக் கட்டறது, பேட்டரித் தண்ணி ஊத்தறது, இதுக்கு மட்டும் நான் குறுக்க நிப்பேன். பூண்டு வெச்சே தோல் வெந்துபோகும், பேட்டரியில இருக்கறது ஆசிட்டு.

பெரியவங்க விஷயம். அவங்களுக்கும் நகச்சொத்தை இருந்துச்சு, எங்க அப்பத்தா காலைப் பார்த்தே எனக்குத் தெரியும். 1958க்கு அப்புறம்தான் க்ரைசியோஃபல்வின்னு வாயால சாப்பிடற முதல் பூஞ்சை மாத்திரையே வந்துச்சு, அதையும் கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிடணும், சாப்பிட்டாலும் பாதிப் பேருக்குக் கேக்காது. மருந்து இல்லாததுனால சும்மா இருந்தாங்க, தேவைப்படாததுனால இல்ல. இப்ப நம்ம நாட்டுல டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியேன்னு ஒரு வகை படர்தாமரையில நெறையப் பரவி, டெர்பினாஃபினுக்கே அடங்க மாட்டேங்குது, 2020ல அதுக்குத் தனியாப் பேரே வெச்சாங்க. அது பெரும்பாலும் தோல்லதான் வருது. இருந்தாலும் தொடையிலயோ இடுப்புலயோ படர்தாமரை அடங்காம இருக்கறவங்க நகத்தை மட்டும் காட்டிட்டு வந்துடாதீங்க, ரெண்டையும் காட்டுங்க.

நான் இப்ப மூணு மாசம் முழுகாம இருக்கேன். போன வருஷம் எழுதிக் குடுத்த டெர்பினாஃபின் பாதி மிச்சம் இருக்கு. சாப்பிடலாமா?
*ஒரு வாசகி, தாராபுரம்*

வேண்டாம் கண்ணு. குழந்தை பொறந்து, பால் குடுத்து முடியற வரைக்கும் நகம் காத்துக்கிட்டு இருக்கும், அது எங்கயும் ஓடிடாது. இட்ராகொனசோலும் வேண்டாம். விரல் இடுக்குல சேத்துப்புண் இருந்தா அதுக்கு மட்டும் உங்களைப் பார்க்கற டாக்டரம்மாகிட்ட கேட்டு க்ரீம் வாங்கிக்குங்க. பாதி மிச்சம் வெச்சிருக்கற மாத்திரையை அப்புறமா எடுத்து விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கவும் கூடாது, அப்ப புதுசா டெஸ்ட் எடுத்துட்டுத்தான்.